ஹார்டிஞ்ச் பாலம்: பத்மாவை ஓரிடத்தில் நிறுத்திய கதை

கங்கை வங்கதேசத்துக்குள் நுழைந்ததும் பத்மா ஆகிவிடுகிறது. அந்த ஆற்றின் மேல் ஒரு ரயில் பாலம் வேண்டும் என்று கிழக்கு வங்க ரயில்வே கேட்டது 1889இல். வேலை தொடங்கியது 1910இல். நடுவில் 21 வருஷம் ஓடிப்போனது.

சர்க்கார் வேலை அப்படித்தான் என்று சொல்லி முடித்துவிடலாம், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. எந்த இடத்தில் கட்டுவது, போட்ட பணம் திரும்புமா என்று கமிட்டி மேல் கமிட்டி உட்கார்ந்தது. ஆனால் இரும்பு வேலை தெரியாததால் யாரும் தள்ளிப்போடவில்லை. 1887இல் ஹூக்ளியின் மேல் ஜூபிலி பாலம் வந்துவிட்டது. 1889இல் சிந்து நதியில் சுக்கூர் அருகே லான்ஸ்டவுன் பாலம் திறந்தாயிற்று. மறு வருஷம் ஸ்காட்லாந்தில் ஃபோர்த் பாலம். நீளமான எஃகுப் பாலங்களை எப்படிக் கட்டுவது என்பது பொறியாளர்களுக்கு அந்தக் காலத்திலேயே கைவந்த கலை.

அவர்களைத் தயங்க வைத்தது ஆறு. சுக்கூரில் சிந்து நதி சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. பாலத்துக்குக் கால் ஊன்றப் பாறை இருந்தது, ஆறும் அந்த இடத்தை விட்டு எங்கும் போகப்போவதில்லை. பத்மாவில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. அங்கே தோண்டத் தோண்டப் பொடி மணலும் வண்டலும்தான் வரும். அது போதாதென்று, ஆறே இடம் மாறிக்கொண்டிருக்கும். இந்த வருஷம் கரையாக இருந்த இடம் அடுத்த வருஷம் ஆற்று நடுவில் கிடக்கும். ஊர் இருந்த இடத்தில் மீன் பிடிப்பார்கள். இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒரு பாலம் கட்டி, நாலைந்து வருஷத்தில் ஆறு பக்கவாட்டில் நகர்ந்து வேறு வழியாகப் போய்விட்டால்? மணல்மேட்டில் ஒரு எஃகுப் பாலம் நிற்கும், ஆறு ரயில் பாதையை அறுத்துக்கொண்டு பக்கத்தில் ஓடும். 21 வருஷத் தயக்கத்தின் அடியில் இருந்த பயம் இதுதான்.

பாலம் எதற்குத் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1878 முதல் கல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங் போகிறவர்கள் சியால்டாவில் பிராட்கேஜ் ரயில் ஏறி, தென்கரையில் தாமுக்தியா படித்துறையில் இறங்குவார்கள். அங்கே ஸ்டீமர். இரவுச் சாப்பாட்டை ஸ்டீமரிலேயே முடித்துக்கொண்டு வடகரையில் சாரா படித்துறையில் இறங்கி, மீட்டர்கேஜ் ரயிலில் சிலிகுரி. 1881 முதல், அதற்கு மேல் மலை ரயில். துரைமார்களுக்கு இது சுகமான பயணம்தான். சரக்குக்கு அப்படியில்லை. வடவங்காளத்துச் சணலும் அசாம் தேயிலையும் கல்கத்தா துறைமுகம் சேர, ஆற்றங்கரையில் இறக்கி ஏற்றியாக வேண்டும். ஆறு நகர நகரப் படித்துறைகளும் அதன் பின்னால் நகர வேண்டியிருந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கி வேறு இடத்தில் போடுவது அங்கே வழக்கமான வேலை.

இந்த இடத்தில் கதைக்குள் வருபவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். சென்னைக்காரர்களுக்கு, முக்கியமாகக் கணிதமேதை ராமானுஜனின் வாழ்க்கையைப் படித்தவர்களுக்கு, இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1912 மார்ச் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தாரே, அந்த மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் தலைவர் இவர்தான். மெட்ராஸுக்கு வருவதற்கு முன்னால் ஸ்பிரிங் ரயில்வேப் பொறியாளர். 1902இல் பத்மா பாலத்தைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றைத் தயாரித்தார். அடுத்த வருஷம் இந்திய ஆறுகளைக் கட்டுக்குள் வைக்கும் முறை பற்றி அவர் எழுதிய தொழில்நுட்ப ஆய்வு நெடுநாள் பொறியாளர்களின் மேஜையில் இருந்தது. பிற்பாடு மெட்ராஸ் துறைமுகத்தின் வாயைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்குத் திருப்பியவரும், அந்தக் கடற்கரையோரம் மணல் நகர்வதைப் பற்றி ஆராய்ந்து எழுதியவரும் இவரே. ஆளின் வேலை வாழ்க்கையைப் பார்த்தால், ஆற்றிலும் கடலிலும் மணலோடு மல்லுக்கட்டியே கழித்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

ஸ்பிரிங் விளக்கி எழுதிய முறை அவர் கண்டுபிடித்ததல்ல. ஜே. ஆர். பெல் என்ற பொறியாளர் 1880களின் இறுதியில் முல்தானுக்குப் பக்கத்தில், செனாப் ஆற்றின் ஷேர்ஷா பாலத்தில் செய்து பார்த்தது. அதனால் ‘பெல் பண்ட்’ என்றே அதற்குப் பெயர். வழிகாட்டுக் கரை என்று சொல்லலாம்.

அதற்கு முன்பெல்லாம் வட இந்திய ஆறுகளில் பாலம் கட்டும்போது, வெள்ளத்தில் ஆறு எவ்வளவு அகலம் விரிகிறதோ அவ்வளவு நீளத்துக்குப் பாலத்தைக் கட்டினார்கள். பெல் இதைத் திருப்பிப் போட்டார். ஆற்றுக்கு உண்மையில் தேவையான அகலம் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும் பாலம், மிச்சத்தை மண் கரை போட்டு அடைத்துவிடு. பாலத்தின் இரண்டு முனையிலும், நீரோட்டத்துக்கு இணையாக, மேல்நோக்கி நீளமாகவும் கீழ்நோக்கிக் கொஞ்சமாகவும் இரண்டு கரைகளை எழுப்பு. எங்கெங்கோ அலைந்து வரும் ஆறு அந்த இரண்டு கரைக்கு நடுவே புகுந்து, பாலத்துக்கு அடியில் நேராகப் போய், அந்தப் பக்கம் மறுபடி அதன் இஷ்டத்துக்கு அலையட்டும்.

இதில் நான் மிகவும் ரசிக்கும் பகுதி, அந்தக் கரையின் அடியில் இருப்பது. மண் கரையின் சரிவில் கல் பதிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆறு கரையின் மேல்பகுதியைத் தாக்குவதில்லை, காலைத்தான் வாரும். வெள்ளத்தில் கரையோரப் படுகை முப்பது நாற்பது அடி பள்ளமாகிவிட்டால், மேலே எவ்வளவு அழகாகக் கல் பதித்திருந்தாலும் மொத்தமும் சரிந்து ஆற்றுக்குள் போய்விடும். அவ்வளவு ஆழத்துக்குத் தோண்டி முன்கூட்டியே கல் அடுக்கவும் முடியாது, தண்ணீரும் மணலும் விடாது. அதனால் என்ன செய்தார்கள் என்றால், கரையின் அடியிலிருந்து ஆற்றை நோக்கிப் படுகையின் மேலேயே ஒரு அகலமான கல்விரிப்பைச் சும்மா போட்டு வைத்தார்கள். சிமென்ட் கிடையாது, ஒன்றோடொன்று பிணைப்பும் கிடையாது. வெள்ளம் வந்து விரிப்பின் ஓரத்தில் மணலை அரிக்கும்போது ஓரக்கல் உருண்டு அந்தப் பள்ளத்தில் விழும். இன்னும் அரித்தால் அடுத்த வரிசைக் கல் விழும். இப்படி விழுந்து விழுந்து, புதிதாக உண்டான பள்ளத்தின் சரிவைக் கற்களே மூடிவிடும். அதற்கு மேல் ஆறு உள்ளே அரிக்க முடியாது. ஆறு தோண்டும் பள்ளத்துக்கு ஆறே கல் பதித்துக்கொள்ளும்படி ஏற்பாடு. கல் எவ்வளவு வேண்டும், எத்தனை அடி அகலம் விரிக்க வேண்டும் என்பதற்கு ஸ்பிரிங் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

சரி, பத்மாவுக்கு வருவோம். 1908இல் ஒப்புதல் கிடைத்தது. தலைமைப் பொறியாளர் ராபர்ட் கேல்ஸ். இடம், சாராவுக்குச் சற்றுக் கீழே, வடகரையில் பாக்சி, தென்கரையில் பேராமாரா. இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மேலே வலது கரையில் ராய்த்தா, இடது கரையில் சாரா ஆகிய இரண்டு இடத்திலும் கரை கெட்டியான களிமண். அந்த இரண்டு புள்ளியும் ஆற்றை ஓரளவுக்குப் பிடித்து வைத்திருந்தன. அவற்றுக்கும் கல் பதித்துப் பலப்படுத்திவிட்டு, பாலத்தின் இரு முனையிலும் வழிகாட்டுக் கரைகளைக் கட்டினார் கேல்ஸ். ஒவ்வொன்றும் பாலத்துக்கு மேலே சுமார் 3,000 அடி, கீழே சுமார் 1,000 அடி. வங்காளச் சமவெளியில் கைக்கு எட்டும் தூரத்தில் கல் கிடையாது. விரித்த கல் அத்தனையும் தூரத்து மலைப் பகுதிகளிலிருந்து வந்து இறங்க வேண்டியிருந்தது.

ஆற்றை நெருக்கினால் அதற்கு ஒரு விலை உண்டு. அகலத்தில் விரிய முடியாத வெள்ளம் ஆழத்தில் இறங்கும். வெள்ளம் என்றதும் நமக்குத் தண்ணீர் மேலே ஏறுவதுதான் நினைவுக்கு வரும். மணல் ஆற்றில் பாலம் கட்டுகிறவனுக்குக் கவலை கீழே. தண்ணீர் ஏற ஏற அடியில் படுகையும் இறங்கிக்கொண்டே போகும். தூணைச் சுற்றி நீர் சுழித்து இன்னும் ஆழமாகத் தோண்டும். வெள்ளம் வடியும்போது மணல் திரும்ப வந்து பள்ளத்தை மூடிவிடுவதால், கோடையில் போய்ப் பார்ப்பவனுக்கு எதுவுமே நடந்ததாகத் தெரியாது. அதனால் தூண்களின் அடித்தளம், எப்பேர்ப்பட்ட வெள்ளமும் எட்டாத ஆழத்துக்குப் போயாக வேண்டும்.

கேல்ஸ் போன ஆழம், ஆற்றின் மிகக் குறைந்த நீர்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 160 அடி. அந்த வகை அடித்தளங்களில் உலகிலேயே மிக ஆழமானவற்றுள் அன்று அதுவும் ஒன்று. முறை நமக்குப் புதிதல்ல. நம் ஆற்று மணலில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்குப் பாதி வேலை புரிந்துவிடும். உறையை வைத்து, உள்ளே மணலை அள்ள அள்ள, உறை தன் எடையிலேயே கீழே இறங்கும். மேலே அடுத்த உறையை வைப்போம். பாக்சியில் அந்த உறை ஒரு வீட்டைவிடப் பெரிது, அடியில் கூரான எஃகு விளிம்பு, உள்ளே மணலைக் கவ்வி எடுக்க நீராவி கிரேனில் தொங்கும் இரும்புக் கிராப். இறங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் மறு பக்கத்தில் அதிகமாக மணலை அள்ளி நிமிர்த்த வேண்டும். நூறு அடிக்குக் கீழே, கண்ணால் பார்க்க வழியில்லாத கலங்கல் நீரில், கயிற்றின் இழுப்பையும் மேலே தெரியும் சாய்வையும் வைத்தே அடியில் நடப்பதை ஊகிக்க வேண்டும். அத்தனையும் அடுத்த வெள்ளம் வருவதற்குள், வறண்ட மாதங்களில். வேலை உச்சத்தில் இருந்தபோது அங்கே இருபத்து நாலாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்திருக்கிறார்கள்.

எஃகு வேலையை இதோடு ஒப்பிட்டால் நேர்கோட்டுப் பயணம் என்றே சொல்வேன். இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள பகுதியைக் கண் என்பார்கள்; ஒவ்வொன்றும் 345 அடி நீளமுள்ள 15 பெரிய கர்டர் கண்கள், இரண்டு கரையிலும் 75 அடியில் மூன்று மூன்று சிறிய கண்கள். மொத்தம் சுமார் 1.8 கிலோமீட்டர். ஒரு பெரிய கண்ணின் எடை 1,250 டன். வடிவமைப்பு ரெண்டல் நிறுவனத்தினுடையது, கட்டுமான ஒப்பந்தம் பிரெய்த்வெய்ட் அண்ட் கிர்க். மேல்சட்டம் வளைந்து, உள்ளே பெரிய முக்கோணங்களைச் சின்னக் குறுக்குச் சட்டங்கள் பிரிக்கும் ‘பெட்டிட்’ வகைச் சட்டகம் (ட்ரஸ்). இரண்டு பிராட்கேஜ் தண்டவாளம், ஓரத்தில் நடைபாதை. 1915 ஜனவரி முதல் தேதி சோதனையாகச் சரக்கு ரயில் போனது. மார்ச் 4ஆம் தேதி வைஸ்ராய் ஹார்டிஞ்ச் வந்து திறந்தார், பாலத்துக்குத் தன் பெயரையே வைத்துவிட்டுப் போனார். கேல்ஸ் பெயரில் வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அவருக்கு சர் பட்டம் மட்டும் கிடைத்தது.

பாலம் வந்ததும் பிராட்கேஜ் பாதை கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நீண்டது. 1926க்குள் சியால்டாவிலிருந்து சிலிகுரி வரை வண்டி மாறாமல் போகலாம் என்றாயிற்று.

ஆறு சும்மா இருக்கவில்லை. 1933 வெள்ளத்தில் பேராமாரா பக்கத்து வழிகாட்டுக் கரை உடைந்தது. கரை முழுதும் போயிருந்தால் 1889இல் பயந்தது அப்படியே நடந்திருக்கும்: ஆறு பாலத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். எஃகில் ஒரு கீறல் கூட விழாமலே பாலம் உபயோகமற்றுப் போயிருக்கும். பெரிய செலவில், கல் மேல் கல் கொட்டித்தான் மீட்டார்கள். கல்விரிப்பு என்பது ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துபோகும் சமாச்சாரம் இல்லை என்பது அதோடு உறைத்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஆழம் பார்க்க வேண்டும், குறைந்த இடத்தில் கல் போட வேண்டும். வர்ணம் அடிப்பதும் ரிவெட் பார்ப்பதும் போல இதுவும் பராமரிப்புதான். ஆனால் தண்ணீருக்கு அடியில் கொட்டும் கல்லுக்குப் பட்ஜெட்டில் பணம் கேட்டு வாங்குவது எந்த ஊரிலும் கஷ்டம்.

ஆறு செய்யாததை அரசியல் செய்தது. 1947இல் நாட்டைப் பிரிக்க ராட்கிளிஃப் போட்ட கோட்டில் பாலம் கிழக்கு பாகிஸ்தானுக்குப் போனது. கல்கத்தாவையும் சிலிகுரியையும் இணைக்கக் கட்டிய பாலத்தின் இரண்டு பக்கமும் இப்போது இன்னொரு நாடு. இந்தியா அவசர அவசரமாக அசாமுக்குத் தன் எல்லைக்குள்ளேயே ஒரு ரயில் பாதை போட்டு 1950 ஜனவரியில் திறந்தது. கிழக்கு பாகிஸ்தான் வழியாகப் போய்க்கொண்டிருந்த மிச்ச ரயில்களும் 1965 போரோடு நின்றன.

1971 டிசம்பரில், வங்கதேச விடுதலைப் போரின் கடைசி நாட்களில், வானிலிருந்து விழுந்த குண்டில் 12ஆவது கண் அறுந்து ஒரு முனை ஆற்றுக்குள் சரிந்தது. பாகிஸ்தான் படை பின்வாங்கும் வழியை அடைக்க நடந்த தாக்குதல் அது. பிறகு இந்தியாவின் உதவியோடு சீர்செய்து, 1972 அக்டோபரில் மறுபடி ரயில் விட்டார்கள். பாக்சி ரயில்வே அலுவலகத்தின் முன்னால் ஒரு குண்டின் கூடு இன்றும் காட்சிக்கு நிற்கிறது. 2008இல் தொடங்கிய கொல்கத்தா–டாக்கா மைத்ரீ எக்ஸ்பிரஸ் இந்தப் பாலத்தின் மேல்தான் போய்வந்தது. 2024 ஜூலையில் அதுவும் நின்றது.

பக்கத்தில் சில நூறு மீட்டர் தள்ளி, 2004இல் லாலன் ஷா சாலைப் பாலம் வந்தது. கிட்டத்தட்ட அதே நீளம். ரூப்பூர் அணுமின் நிலையமும் பக்கத்திலேயே. எல்லாம் இங்கேயே வந்து குவிவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இவ்வளவு பெரிய சமவெளியில் ஆறு நகராமல் நிற்கும் இடங்கள் குறைவு. கீழே மாவா அருகே 2022இல் திறந்த 6.15 கிலோமீட்டர் பத்மா பாலத்துக்கும் இதே பாடுதான். பாலத்துக்கு ஒரு சீன நிறுவனம், ஆற்றைக் கட்டுக்குள் வைக்கும் வேலைக்கு வேறொரு சீன நிறுவனம் என்று தனித்தனி ஒப்பந்தம் போட்டார்கள்.

ஆறு ஓரிடத்தில் நிற்பதால் இன்னொரு உபயோகமும் வந்தது. நகராத இடத்தில்தான் தண்ணீரை நம்பி அளக்க முடியும். 1934 முதல் பத்மாவில் எவ்வளவு நீர் போகிறது என்பதற்கு ஹார்டிஞ்ச் பாலத்துக் கணக்கு இருக்கிறது. 1998 வெள்ளத்தில் இந்தப் பாலத்துக்கு அடியில் வினாடிக்கு 25 லட்சம் கன அடிக்கு மேல் போனது. 1993 மார்ச் கடைசியில் அதே இடத்தில் ஒன்பதாயிரம் கன அடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வறண்ட மாதங்களில் பல தூண்கள் மணலில் நிற்கின்றன, நடுவில் பயிர்கூட வைக்கிறார்கள். 160 அடி ஆழத்துக்குக் கிணறு இறக்கியவர்கள் வெள்ளத்துக்குத்தான் பயந்தார்கள். தண்ணீர் வராமல் போவதை யாரும் கணக்கில் எடுத்திருக்க முடியாது.

மேலே இந்தியப் பகுதியில் கங்கை நீரை ஹூக்ளிக்குத் திருப்பிவிடும் ஃபராக்கா தடுப்பணை 1975இல் செயல்பாட்டுக்கு வந்ததிலிருந்து இந்தத் தண்ணீர்க் குறைவு இரு நாட்டுச் சண்டை. 1996 டிசம்பர் 12 அன்று தேவ கௌடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட கங்கை நீர் ஒப்பந்தத்தில் பாலத்தின் பெயரே இருக்கிறது. ஜனவரி 1 முதல் மே 31 வரை இரு நாட்டு அதிகாரிகளும் தினமும் ஃபராக்காவிலும் ஹார்டிஞ்ச் பாலத்திலும் நீரை அளந்து பதிய வேண்டும். ஃபராக்காவுக்கு வினாடிக்கு 70 ஆயிரம் கன அடியோ குறைவாகவோ வந்தால் ஆளுக்குப் பாதி. 70 முதல் 75 ஆயிரம் வரை வங்கதேசத்துக்கு 35 ஆயிரம், மிச்சம் இந்தியாவுக்கு. அதற்கு மேல் வந்தால் இந்தியாவுக்கு 40 ஆயிரம், மிச்சம் வங்கதேசத்துக்கு.

பங்கு பிரிப்பது ஃபராக்கா கணக்கை வைத்து. ஆனால் டாக்காவில் குறை சொல்கிறவர்கள் கையில் வைத்திருப்பது பாலத்தடியில் அளந்த எண். இங்கே விட்டதாகச் சொல்லும் நீரும் அங்கே வந்ததாகச் சொல்லும் நீரும் பல வருஷங்களில் ஒத்துப்போவதில்லை, ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் காலம் 30 ஆண்டு, 2026 டிசம்பரோடு முடிகிறது. அடுத்து என்ன எழுதுவது என்று பேச உட்காரும்போது இந்த இரண்டு எண்களையும் முதலில் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.